முறுக்குக்கு எத்தனை விநாடி?

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் டர்னராக இருந்து ரிட்டயரான என் பெரியப்பா, மனிதர்களை இரண்டே வகையாகத்தான் பிரிப்பார். வேலை செய்கிறவன் ஒருத்தன். அவன் பக்கத்தில் கையில் வாட்சோடு நின்று வேடிக்கை பார்க்கிறவன் இன்னொருத்தன். இரண்டாவது ஆசாமிக்கு ரயில்வேயில் 'ரேட் ஃபிக்ஸர்' என்று பெயர். ஒரு இரும்புத் துண்டைக் கடைந்து முடிக்க எத்தனை நிமிஷம் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கிற உத்தியோகம்.

"அவன் வாட்சை எடுத்தான்னா போதும், மெஷினுக்கு ஜுரம் வந்துடும்டா" என்பார் பெரியப்பா. அதுவரை ஒழுங்காக ஓடிய லேத்தின் வேகம் ஒரு படி குறையும். காலையில்தான் தீட்டிய டூலை மறுபடி தீட்டப் போவார். ஒரு தடவை அளந்தால் போதும் என்கிற இடத்தில் மூன்று தடவை அளப்பார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலாவது தடவையும் அளப்பார். ரேட் ஃபிக்ஸரும் லேசுப்பட்டவர் இல்லை. அதே ஒர்க்ஷாப்பில் கையில் கிரீஸோடு ஆரம்பித்தவர். எது நிஜ ஜுரம், எது லீவ் லெட்டர் ஜுரம் என்று அவருக்குத் தெரியாதா? ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போய், ஆபீசில் உட்கார்ந்து கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுவார். அவர் கழிப்பார் என்பது பெரியப்பாவுக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இப்படி இரண்டு கெட்டிக்காரர்கள் ஒருத்தரையொருத்தர் ஏமாற்றி, கடைசியில் ஏறக்குறைய நியாயமான ஒரு எண்ணில் வந்து நிற்பார்கள்.

1950-களில் சித்தரஞ்சன் என்ஜின் தொழிற்சாலையில் ஆரம்பித்து, மற்ற ரயில்வே ஒர்க்ஷாப்புகளுக்கும் வந்த ஊக்கத்தொகைத் திட்டம் இது. ஒரு வேலைக்கு 60 நிமிஷம் என்று நிர்ணயித்து, நீங்கள் 45-ல் முடித்தால் மிச்சம் பிடித்த 15 நிமிஷம் காசாகும். சாதாரணத் திறமையுள்ள தொழிலாளி சம்பளத்துக்கு மேல் 33⅓ சதவீதம் சம்பாதிக்கும்படி நேரத்தைக் கட்ட வேண்டும். 50 சதவீதத்துக்கு மேல் யாருக்கும் கிடையாது. இந்த 50-ஐத் தொட்டதும் பெரியப்பாவின் லேத் தானாகவே நிதானத்துக்கு வந்துவிடும். 'இதுக்கு மேல ஓட்டினா இரும்புக்கு வலிக்கும்' என்பார்.

திருச்சிக்காரர்களுக்கு இந்த அளவெடுக்கிற சமாச்சாரத்தில் சந்தேகம் வரப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. 1928-ல் சவுத் இண்டியன் ரயில்வே கம்பெனி, நாகப்பட்டினம் முதலான இடங்களில் இருந்த ஒர்க்ஷாப்புகளைப் பொன்மலையில் ஒன்றாகச் சேர்க்கப் புறப்பட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பத் திட்டம். யார் போவது, யார் இருப்பது என்று முடிவு செய்ய ஒவ்வொருவனின் கைத்திறமைக்கும் ஒரு பரீட்சை. இருபது வருஷம் இரும்படித்தவனைக் கூப்பிட்டு, 'எங்கே, அடித்துக் காட்டு' என்றால் எப்படி இருக்கும்? தொழிலாளிகள் மறுத்தார்கள். ஜூலையில் தென்னிந்தியா பூராவும் ரயில் நின்றது. பத்தே நாளில் வேலைநிறுத்தம் முறிந்தது. சிங்காரவேலர் ஜெயிலுக்குப் போனார். அளக்கிறேன் என்று யார் வந்தாலும், 'யாரைக் கழிக்க?' என்பதுதான் பொன்மலையின் முதல் கேள்வி.

இந்தச் சந்தேகப் பரம்பரையில் பிறந்த நான் விதிவசத்தால் வாட்ச் பிடிக்கிற கட்சியில் போய்ச் சேர்ந்தேன். 1970-களின் கடைசியில் ஒரு தொழிற்சாலையில் இன்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் பிரிவு. (பெரியப்பா கேள்விப்பட்டு ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் "வாட்சாவது நல்ல வாட்சா குடுத்தானா?" என்றார்.) முதல் நாள் டிரெயினிங்கில், வகுப்பு எடுத்தவர் பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், சீட்டுக்கட்டு. 52 சீட்டையும் நாலு பேருக்குச் சரியாக அரை நிமிஷத்தில் போட்டு முடித்தால் அதுதான் மனித குலத்தின் 'நார்மல்' வேகமாம். நடையென்றால் மணிக்கு மூன்று மைல். ஒரு வேலையைப் பார்த்ததும், 'இவன் நார்மலுக்கு மேலா, கீழா' என்று கண்ணாலேயே மதிப்பெண் போடப் பழக வேண்டும் என்பதற்காக, ஒரு நாள் முழுக்கப் பன்னிரண்டு இன்ஜினீயர்கள் கம்பெனி செலவில் சீட்டுப் போட்டோம். மத்தியானம் எட்டிப்பார்த்த மேனேஜர் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

சூத்திரம் சுலபம். வாட்ச் காட்டிய நேரத்தை அந்த வேக மதிப்பெண்ணால் சரிக்கட்ட வேண்டும். அதோடு மனிதன் மெஷின் இல்லை என்பதற்காகக் கொஞ்சம் நேரம் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பாடப் புத்தகத்தில் ஒரு அட்டவணை இருந்தது. தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக, ஆண்களுக்கு 5 சதவீதம், பெண்களுக்கு 7. பொதுவான அசதிக்கு 4. குனிந்தே செய்கிற வேலைக்கு ஆண்களுக்கு 2, பெண்களுக்கு 3. வெக்கைக்குத் தனி, இருட்டுக்குத் தனி, சத்தத்துக்குத் தனி. 'முதுகுவலிக்கு இத்தனை சதவீதம்' என்று அச்சடித்த எண்ணைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தோம். சிரிக்கிற விஷயம் இல்லை அது என்பது போன மாதம் மணப்பாறையில் ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது.

மணப்பாறைக்குப் போனது முறுக்கு வாங்க. வீட்டில் கல்யாணம், சீருக்கு முறுக்கு. திருச்சியிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். கூட வந்தது என் தங்கையின் பேரன். எம்.பி.ஏ. படிக்கிறான். 'ஆபரேஷன்ஸ்' அவனுடைய பிரிவு. 'ஜாப் டிசைன்' என்று ஏதோ ஒரு பிராஜெக்ட் சப்மிட் பண்ண வேண்டும், பெரிய கம்பெனி எதுவும் உள்ளே விடவில்லை. "முறுக்குக் கம்பெனி விடும், வாடா" என்று அழைத்துப் போனேன்.

மணப்பாறை என்றதும் மாடும் முறுக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். மாட்டுக்குச் சினிமாப் பாட்டே இருக்கிறது. சந்தையில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். முறுக்கு பேர் வாங்கினது ரயில்வே ஸ்டேஷனில். நீராவி என்ஜின்கள் தண்ணீர் பிடிக்க இங்கே நிற்கும், அந்த நேரத்தில் ஜன்னல் ஜன்னலாக விற்றே ஊர் பூரா பரவியது என்பார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தாகிவிட்டது. மற்ற ஊர் முறுக்குக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம், இது இரண்டு தடவை எண்ணெய் பார்க்கிற முறுக்கு. முதலில் அரை வேக்காடாக எடுத்து ஆறப் போடுவார்கள். அப்புறம் நல்ல சூட்டில் மறுபடி போட்டுச் சிவக்க எடுப்பார்கள். மொறுமொறுப்பின் ரகசியம் அதுதான். ஊர்த் தண்ணீரின் லேசான உப்பும் சேர்த்தி என்று உள்ளூர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள்.

எனக்கு இதில் ஒரு தொழிற்சாலை மூளை தெரிகிறது. அரை வேக்காட்டை முன்கூட்டியே போட்டு அடுக்கி வைத்துக்கொள்ளலாம். ரயில் வரும் நேரம் பார்த்துக் கடைசிச் சூட்டைக் கொடுத்தால் போதும். பாதி வேலையை முடித்து நிறுத்திவிட்டு, ஆர்டர் வந்ததும் மீதியைச் செய்வது. பெரிய கார் கம்பெனிகளும் பெயின்ட் கம்பெனிகளும் இதைக் கற்றுக்கொண்டு புத்தகம் போட்டிருக்கின்றன. ஸ்டேஷனில் விற்றவர்கள் இதை யோசித்துத்தான் செய்தார்களா, ருசிக்காகச் செய்தது வசதியாகவும் அமைந்துவிட்டதா? என் ஊகம், இரண்டும்தான்.

நாங்கள் போன வீடு சின்னது. முன்பக்கம் ஓட்டுத் தாழ்வாரம், பின்பக்கம் முற்றத்தில் விறகு அடுப்பு. ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா, அவர் மருமகள், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி. மூன்று பேர் சேர்ந்தால் ஒரு ஃபாக்டரி. வியாபாரி ஒருவர் மாவும் எண்ணெயும் கொடுத்துவிடுவார். "அரிசி மாவு, எண்ணெய் அவங்களுது சார். கையும் விறகும் எங்களுது" என்றார் அந்த அம்மா. கூலி எண்ணிக்கைக்கு. நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கு.

பேரன் போனை எடுத்து ஸ்டாப் வாட்சைத் தட்டினான். பெரியப்பா சொன்ன ஜுரம் வருகிறதா என்று நான் அந்த அம்மாவின் கையையே பார்த்தேன். வரவில்லை. வேகம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. எண்ணிக்கைக் கூலிக்காரருக்கு யாரை ஏமாற்ற வேண்டியிருக்கிறது?

அச்சில் (எங்கள் வீட்டில் நாழி என்போம்) மாவை அடைத்து, வட்டத் தட்டில் ஒரே இழுப்பில் சுற்றி, நுனியைக் கட்டைவிரலால் ஒட்டி நகர்த்தினால் ஒரு முறுக்கு. நகர்த்திய கை திரும்பி வரும்போதே அடுத்த தட்டு கையில் இருக்கிறது. மாவுப் பாத்திரம் இடது முழங்காலுக்கு அருகில், காலித் தட்டுகள் வலது பக்கம், தண்ணீர்க் கிண்ணம் நடுவில். எதையும் தேடவில்லை, எதற்கும் எட்டவில்லை. கையை நீட்டிச் சுழற்றினால் விழுகிற அரைவட்டத்துக்குள்ளேயே எல்லாம். இந்த அரைவட்டத்தைப் பாடப் புத்தகத்தில் படம் போட்டு வைத்திருப்பார்கள், இதற்கு வெளியே சாமான் வைக்காதே என்று. அந்த அம்மாவுக்குப் படம் தேவைப்படவில்லை.

"அடுப்புல யாரு, அச்சுல யாருன்னு தனித்தனியா ஆள் உண்டாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். மாத்தி மாத்தித்தான் உக்காருவோம். ஒரே ஆளு அடுப்புல இருந்தா கண்ணு அவிஞ்சிடும். ஒரே ஆளு புழிஞ்சா ராத்திரிக்குச் சோத்த அள்ளிச் சாப்புட விரல் மடங்காது."

பேரன் நோட்டில் 'ஜாப் ரொட்டேஷன்' என்று எழுதி அடிக்கோடு போட்டான். அவனுடைய புத்தகத்தில் அது ஒரு முழு அத்தியாயம். சலிப்பு வராமல் இருக்க நிர்வாகம் மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கை என்று போட்டிருக்கும். இங்கே நிர்வாகமும் இல்லை, சலிப்பும் பேச்சில்லை. கண்ணும் விரலும்தான் பேச்சு.

பத்து முறுக்குக்கு நேரம் பார்த்துச் சராசரி போட்டான். பிழிவதற்கு எட்டு விநாடி. உடனே பெருக்கினான். "தாத்தா, ஒரு மணிக்கு 450. எட்டு மணி நேரத்துக்கு 3600. சூப்பர் ப்ரொடக்டிவிட்டி!"

இதே பெருக்கலைத்தான் 1899-ல் அமெரிக்காவில் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில் பிரெடரிக் டெய்லர் கோஷ்டி செய்தது. யார்டில் இரும்புக் கட்டிகளை ரயில் பெட்டியில் ஏற்றுகிற வேலை. ஆளுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டுமஸ்தான ஆட்களைக் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஏற்றச் சொல்லி, அதை நாள் முழுவதற்கும் பெருக்கி, ஓய்வுக்கென்று 40 சதவீதம் கழித்து, கடைசியில் டெய்லர் சொன்ன 'நியாயமான' அளவு, ஆளுக்கு நாற்பத்தேழரை டன். ஷ்மிட் என்று அவர் பெயர் வைத்த ஒரு தொழிலாளி அதைச் செய்து காட்டினார் என்பது 1911-ல் அவர் எழுதிய புத்தகத்தின் மிகப் பிரபலமான கதை. வேலை ஏறக்குறைய நாலு மடங்கு. கூலி 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட். நாலு மடங்குக்கு ஒண்ணேமுக்கால் மடங்குகூட இல்லை. அந்தக் கதையிலேயே டெய்லர் நிறைய மசாலா சேர்த்திருக்கிறார் என்று 1970-களில் பழைய காகிதங்களைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவிட்டார்கள். மசாலா இல்லாமலே 1911-ல் வாட்டர்டவுன் என்கிற ஊரின் அரசாங்க ஆயுதச் சாலையில் வார்ப்புத் தொழிலாளிகள் ஸ்டாப் வாட்சைப் பார்த்ததும் வெளிநடப்பு செய்தார்கள். அரசாங்க ஆயுதச் சாலைகளில் வாட்ச் வைத்து அளக்கப் பணம் கிடையாது என்று அமெரிக்கப் பார்லிமென்ட்டே 1915-ல் சட்டம் போட்டது. 1949 வரைக்கும் அந்தத் தடை இருந்தது.

"3600 எல்லாம் சரிடா. நூறு முறுக்கு மாவிலிருந்து டப்பாவுக்குப் போகிறவரை வாட்சை நிறுத்தாமல் பார்" என்றேன் பேரனிடம்.

பார்த்தான். எட்டு விநாடிக் கணக்குப்படி நூறு முறுக்கு 13 நிமிஷம் சொச்சத்தில் முடிய வேண்டும். மாவு பிசைய, சீரகமும் ஓமமும் எள்ளும் கலக்க, பதம் பார்த்துத் தண்ணீர் தெளிக்க, அச்சை ரொப்ப, முதல் சூடு, ஆற விட, இரண்டாவது சூடு, எண்ணெய் வடிக்க, உடைந்ததைப் பொறுக்கித் தனியே வைக்க, எண்ண. நடுவில் விறகு ஈரமாக இருந்து புகைந்ததில் ஐந்து நிமிஷம் எல்லோரும் இருமினோம். பேரன் வாட்சை நிறுத்தியபோது நாற்பது நிமிஷத்தைத் தாண்டியிருந்தது. அதுவும் ஒருத்தர் வேலை இல்லை, மூன்று பேர் வேலை.

"உடைஞ்சதுக்குக் கூலி உண்டாம்மா?"

"உடைஞ்சது எங்க கணக்கு சார். புள்ளைங்க தின்னும்."

அவன் முகம் கொஞ்சம் மாறியது. எட்டு விநாடி என்பது வேலையின் பளபளப்பான பாகம். மீதி எல்லாம் அந்த எட்டு விநாடிக்குப் பின்னால் நிற்கிறது, எண்ணிக்கையில் வருவதில்லை.

இங்கேதான் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. பொன்மலையில் பெரியப்பா திட்டித் தீர்த்த அந்த வாட்ச்சுக்காரர், திட்டு வாங்கிக்கொண்டே ஒரு காரியம் செய்தார். பெரியப்பாவின் தண்ணீர் குடிக்கிற நேரத்தை, பாத்ரூம் போகிற நேரத்தை, டூல் தீட்டுகிற நேரத்தை, அசதியை, தாளில் எழுதினார். குறைத்து எழுதினாரோ என்னவோ, எழுதினார். எழுதினதால் யூனியனுக்குச் சண்டை போட ஒரு எண் கிடைத்தது. 'வெக்கைக்கு இவ்வளவு பத்தாது' என்று சொல்ல, முதலில் வெக்கைக்கு ஒரு எண் இருக்க வேண்டுமே! மணப்பாறை முற்றத்தில் அந்தத் தாளே இல்லை. நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டால், அந்த நூறு எவ்வளவு நேரத்தில் வந்தது என்று யாருக்கும் கவலை இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு வந்தாலும் நூறு நூறுதான். நேரம் முதலாளியுடையதாக இருந்தால் அவன் வாட்ச் வைத்துப் பார்ப்பான். நேரம் அந்த அம்மாவுடையது. அதனால் யாரும் பார்க்கவில்லை. ஐ.எல்.ஓ. புத்தகத்தின் அந்த 7 சதவீதமும் 4-ம் 3-ம் அவர் முதுகிலிருந்தே போகிறது.

டெய்லரின் காலத்திலேயே வாட்சை வேறு மாதிரிப் பார்த்த ஒரு மனிதர் இருந்தார். பிராங்க் கில்பிரெத். கொத்தனாராக வாழ்க்கையை ஆரம்பித்தவர். ஒரு செங்கல் வைக்கக் கொத்தனார் 18 அசைவுகள் செய்வதைப் பார்த்தார். அதில் பெரிய கொடுமை, ஒவ்வொரு செங்கல்லுக்கும் தரை வரை குனிந்து தன் முழு உடம்பையும் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. செங்கல்லின் எடையைவிடக் கொத்தனாரின் எடைதான் அன்றைக்கு அதிகமாகத் தூக்கப்பட்டது! கில்பிரெத் முதலில் வாட்சை எடுக்கவில்லை. சுவர் உயர உயரத் தானும் உயர்கிற சாரத்தைக் கட்டினார். செங்கல்லைக் கைக்கு எட்டுகிற உயரத்தில், நல்ல முகம் வெளியே தெரியும்படி அடுக்கித் தர ஆள் வைத்தார். 18 அசைவு 5 ஆனது. மணிக்கு 120 செங்கல் 350 ஆனது. வேகமாக ஓடு என்று யாரையும் விரட்டவில்லை. (அவருக்குப் பன்னிரண்டு குழந்தைகள். 1924-ல் அவர் இறந்ததும் குடும்பத்தையும் தொழிலையும் சேர்த்து நடத்திய மனைவி லில்லியன், அதே கண்ணோடு சமையலறைக்குள் நுழைந்தார். காலால் மிதித்தால் திறக்கிற குப்பைத் தொட்டி அவர் கைங்கரியம். குனிவதில் குடும்பத்துக்கே ஒரு விரோதம்.)

கில்பிரெத் கதையை நான் சொல்லச் சொல்லப் பேரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆன்ட்டி, நீங்க ஒரு மேசை போட்டு, ஸ்டூல்ல உக்காந்து புழிஞ்சா முதுகு வலிக்காது" என்றான்.

அந்த அம்மா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேசையில புழிஞ்சுட்டு, தரையில இருக்கற சட்டிக்கு யாரு தம்பி குனியறது? அடுப்பையும் மேல ஏத்தணும். அடுப்பை ஏத்துனா விறகு சரிப்படாது, கேஸ் வேணும். கேசுக்கு யாரு காசு தர்றது? வியாபாரி தருவாரா, நீ தருவியா?"

நாலே வாக்கியத்தில் இந்த அம்மா சொன்னது, என் டிபார்ட்மென்ட்டில் நாங்கள் வருஷக்கணக்கில் கற்றுக்கொண்ட பாடம். வேலையின் ஒரு மூலையை மட்டும் தனியாகத் திருத்த முடியாது. மேசை அடுப்பைக் கேட்கும். அடுப்பு கேசைக் கேட்கும். கேஸ் கூலியில் போய் முட்டும். கில்பிரெத்துக்குச் சாரம் கட்ட முடிந்தது, ஏனென்றால் அவரே கான்ட்ராக்டர். மிச்சமாகிற நேரம் அவர் பைக்கு வரும். மணப்பாறையில் அடுப்பை உயர்த்தினால் மிச்சமாகிற முதுகு அந்த அம்மாவுடையது. செலவு செய்ய வேண்டியவர் வேறொருவர். அவருக்கு இதில் என்ன லாபம்?

சட்டம் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொல்கிறது. 1948-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே இருந்தது, அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஒரு வேலைக்கு நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலி மட்டும் நிர்ணயித்திருந்தால், எண்ணிக்கைக்கு வேலை வாங்குகிறவரும் அதற்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எட்டு மணி நேரத்துக்கு எத்தனை முறுக்கு என்று யாராவது உட்கார்ந்து அளந்து, புகையையும் ஈர விறகையும் உடைசலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தானே நூற்றுக்கு இவ்வளவு என்பது குறைவா, சரியா என்று சொல்ல முடியும்? என் பேரனின் முதல் கணக்கை, 3600-ஐ, யாராவது எடுத்துக்கொண்டால் அந்த அம்மாவின் கூலி ராஜாங்கக் கூலி. இரண்டாவது கணக்கை எடுத்துக்கொண்டால் கதையே வேறு. சொந்த வீட்டு முற்றம் என்பதால் 'முதலாளி யார், தொழிலாளி யார்' என்கிற வழக்கு வேறு தனியாகக் காத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2021-ல் கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்தார்கள். பெரிய ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்ற பெண்களின் கால் வீக்கம் அத்தனை வருஷம் கழித்துச் சட்டசபைக்குப் போய்ச் சேர்ந்தது. நல்ல சட்டம். இந்த முற்றத்தில் பிரச்னை தலைகீழ். இங்கே எல்லோரும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். எழுந்திருக்க முடியாததுதான் கஷ்டம்.

முறுக்கை எண்ணிக் கட்டிக் கொடுத்தார்கள். உடைந்ததில் ஒரு கை அள்ளிப் பேரனுக்குத் தின்னவும் கொடுத்தார்கள். அவன் மென்றுகொண்டே நோட்டை மடித்தான்.

"தம்பி, அதுல என்னமோ நாப்பது நிமிசம்னு எழுதினியே, அது மாதிரி ஒரு தாள்ல எனக்கும் எழுதிக் குடு" என்றார் அந்த அம்மா.

"எதுக்கு ஆன்ட்டி?"

"தீவாளிக்கு முன்னால வியாபாரி கூலி பேச வருவாரு. வருசா வருசம் 'புழியறதுக்கு என்னம்மா பெரிய நேரம் ஆவுது'ம்பாரு. எனக்குச் சொல்லத் தெரியாது. காட்டலாம்ல?"

அவன் தாளைக் கிழித்துத் தமிழில், கொஞ்சம் கோணலாக, ஒவ்வொரு வேலையாக வரிசைப்படுத்தி நிமிஷம் போட்டு எழுதினான். எம்.பி.ஏ. பிராஜெக்ட்டைவிடக் கவனமாக எழுதினான் என்று எனக்குத் தோன்றியது. அந்த அம்மா வாங்கி மருமகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மருமகள் ஒவ்வொன்றாக வாசித்தாள். மாவு பிசைய இத்தனை, பிழிய இத்தனை, முதல் சூடு, ஆற விட, இரண்டாம் சூடு, எண்ண.

"அத்தை, விறகு ஒடிக்கிறது இதுல இல்ல" என்றாள்.

"ஆமா, அத விட்டுட்டியே தம்பி. காலையில முக்கா மணி நேரம் அதுக்கே போயிடுது. சாயங்காலம் சட்டி தேய்க்கிறது வேற."

பேரன் என்னைப் பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, டிரைவர் வாசலில் ஹார்ன் அடித்தான். பேரன் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு மறுபடி முற்றத்துக்குப் போனான்.

"ஒடிங்க ஆன்ட்டி, பார்க்கிறேன்" என்று போனை எடுத்தான்.